நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்குப் பின்: நோவை மறைக்காதீர்கள்

நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவரைப் பார்க்கப் போகிறோம். "நோகிறதா?" என்று கேட்கிறோம். "பரவாயில்லை, தாங்குவேன்" என்கிறார். நல்ல பொறுமைசாலி என்று மெச்சிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அந்தப் பொறுமையே அவருக்கு ஆபத்தாக முடியலாம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

முறிந்த காலை அசையாமல் கட்டி வைக்கலாம். நெஞ்சை அப்படி வைக்க முடியாது. நிமிடத்திற்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு தடவையும் விலா எலும்புகள் அசைகின்றன. அவற்றின் கீழ் விளிம்பை ஒட்டி நரம்புகள் ஓடுகின்றன. நுரையீரலில் சத்திரசிகிச்சை செய்ய விலா எலும்புகளை விலக்கும்போது இந்நரம்புகள் நசிபடுவதால் நோ கடுமையாகிறது. இருதய சத்திரசிகிச்சையிலோ, பெரும்பாலும் நெஞ்சின் நடு எலும்பையே பிளந்து, பின்னர் கம்பியால் இணைக்கிறார்கள்.

நோவுக்குப் பயந்தவர் ஆழமாக மூச்சு விடார், இருமவும் மாட்டார். அதனால் சளி தேங்குகிறது. நுரையீரலின் அடிப்பகுதி காற்றின்றிச் சுருங்குகிறது. முடிவில் நியூமோனியா வரலாம். ஆகவே நோவைத் தணிப்பது சொகுசு அன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

நோவைச் சகிப்பதே புண்ணியம், மருந்து கேட்பது பலவீனம் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. 1957 பெப்ரவரியில் மயக்க மருந்து வைத்தியர்களுக்கு உரையாற்றிய பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், நோயாளி நோ தணிக்கும் மருந்தை ஏற்பது தவறன்று என்று தெளிவாக விளக்கினார்.

இனி, செய்யவேண்டியவற்றைப் பார்ப்போம்.

1. மருந்து: நோ உச்சத்துக்கு ஏறும்வரை காத்திராமல், வைத்தியர் குறித்த நேரத்தில் எடுங்கள். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை, வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8க்கு மேல் ஒருபோதும் கூடாது. சிலருக்கு வைத்தியர் இதனிலும் குறைப்பார். வேறு நோக்குளிசைகளைக் கேளாமல் வாங்கி விழுங்காதீர்கள்; சில குளிசைகள் சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் தீங்கு செய்யும். கடும் நோவுக்குக் கொடுக்கும் மருந்துகளால் மலச்சிக்கல் வரலாம். அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

2. மூச்சு: விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக ஆழ மூச்சிழுத்து, மூன்று விநாடி அடக்கி விடுங்கள். ஐந்து முதல் பத்து மூச்சு போதும். மருந்து எடுத்து அரைமணி சென்றபின் செய்தால் சுலபமாக இருக்கும்.

3. இருமல்: தலையணையையோ மடித்த துவாயையோ காயத்தின்மேல் இறுக அணைத்தபடி இருமுங்கள். தையல் பிரிந்துவிடும் என்று இருமாமல் இருப்பதுதான் கேடு.

4. அசைவு: வைத்தியர் அனுமதித்ததும் எழுந்து நடவுங்கள், நாளுக்கு நாள் சிறிது கூட்டுங்கள். தோளை அசையாமல் வைத்தால் அது இறுகிவிடும். சொல்லித் தந்த கைப்பயிற்சிகளை விடாதீர்கள்.

5. பாரம்: பிளந்த நடு எலும்பு பொருந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரம் செல்லும். அதுவரை ஐந்து கிலோ பாரமும் தூக்கவேண்டாம். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும், பேரப்பிள்ளையைத் தூக்குவதும், சைக்கிள் ஓடுவதும் பின்னர் ஆகட்டும். புகைத்தலை அடியோடு விடுங்கள்.

காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், நடு எலும்பில் 'கிளிக்' என்ற சத்தம், ஒரு காலில் வீக்கம் ஆகியவை கண்டால் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ புதிய நெஞ்சு நோவோ வந்தால் ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். காயம் ஆறி மாதங்கள் சென்றும் எரிவும் விறைப்பும் தொடர்ந்தால், "இது இப்படித்தான்" என்று இருந்துவிடாதீர்கள். அது நரம்பு நோவாக இருக்கலாம், அதற்கும் மருந்துண்டு.

வீட்டாரே, நோயாளியிடம் "நோகிறதா?" என்று மட்டும் கேளாதீர்கள். "ஆழமாக மூச்சிழுக்க முடிகிறதா? இரும முடிகிறதா?" என்று கேளுங்கள். முடியவில்லை என்றால், அவர் வாய் திறவாவிட்டாலும் தாதியிடமோ வைத்தியரிடமோ நீங்களே சொல்லுங்கள். அதுவே அவருக்கு நீங்கள் செய்யும் பேருதவி.