திண்ணையைக் கவனி

அன்புள்ள மருமகளுக்கு,

உங்கள் நாய் மணியின் காதுக்குள் கொட்டைமுத்து மாதிரி தொங்குகிற உண்ணிகளைப் பிடுங்கிப் போட்டும் தீரவில்லையே என்று கேட்டிருந்தாய். தீராது. நாய்மேல் தெரிவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் உங்கள் திண்ணையில் இருக்கிறது.

இந்தப் பழுப்பு உண்ணி பொரிக்கும்போது கடுகைவிடச் சிறியது, ஆறே கால். நாயின் இரத்தத்தைக் குடித்துவிட்டுக் கீழே விழும். விரிசலில் ஒளிந்து தோலுரித்து, எட்டுக் காலோடு மறுபடி நாயைத் தேடி வரும். திரும்பவும் குடிக்கும், விழும், உரிக்கும். மூன்றாம் முறை வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி சுவரேறி, இடுக்குக்குள் முட்டையிட்டுச் சாகும். ஒன்றே 4000 முட்டை வரை இடும். நெல்லிக்குப்பத்தில் எல்லோரும் கரும்புக் கொல்லையைத்தான் குறை சொல்வார்கள். இந்த இனத்துக்குக் கொல்லையைவிட நாய் படுக்கிற வீடுதான் பிடிக்கும்.

தெள்ளுப்பூச்சி வேறு, அது தாவும். மயிருக்குள் கருந்தூள் தெரிந்தால் ஈரப் பஞ்சில் வைத்துப் பார். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், மணியின் இரத்தம்தான். முட்டைகள் உதிர்வது படுக்கிற சாக்கில். பொரிக்கும் புழுக்களுக்கு அந்தத் தூளே சாப்பாடு. வாரம் ஒருமுறை சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடு. சுவர் விரிசலுக்குச் சிமெண்ட் பூசச் சொல்.

உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடு. மண்ணெண்ணெயும் ஊதுபத்திச் சூடும் வேண்டாம். மாட்டு உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலக்கி மணிமேல் ஊற்ற மச்சான் கிளம்பினால், நான் திட்டியதாகச் சொல். நாய் உடம்பை நக்கும். மருந்து வயிற்றுக்குள் போகும். மாத்திரையோ முதுகில் விடும் சொட்டு மருந்தோ, எடை பார்த்து டாக்டர் தரட்டும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து உங்கள் பூனைக்கு உயிரையே எடுக்கும் விஷம். பூனைக்குத் தனியாகக் கேட்டு வாங்கு.

மணி சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் இரத்தம் வந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதே. எர்லிக்கியா என்னும் உண்ணிக் கிருமியாக இருக்கலாம். வியட்நாம் போரில் அமெரிக்கப் படை நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தது இதனால்தான். சீக்கிரம் கண்டால் டாக்ஸிசைக்ளின் கேட்கும். மூத்திரம் சிவந்து போனால் அது பேபிசியா என்னும் இன்னொரு உண்ணிக் கிருமியாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. கால்நடை மருந்தகத்தில் உண்ணி இருந்ததை முதலில் சொல்லி, இரத்தப் பரிசோதனை பற்றிக் கேள்.

அன்புடன்,
மாமா