ஊர் கூடிச் செய்யும் ஒப்புரவு

நுழையும்முன்
போரில் உடலுறுப்பை இழந்து ஊர் திரும்பும் வீரருக்கு, அவர் வாழ்ந்த வீடே தடையாகிவிடுவதுண்டு. அத்தடையை நீக்கும் பொறுப்பு யாருடையது? குடும்பத்தினுடையதா, அரசினுடையதா, ஊராருடையதா? இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

வீடே தடையாதல்
இரு கால்களையும் இழந்து சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவருக்கு, அரையடி உயர வாசற்படியும் கடக்கவியலாத மதிலாகும். குறுகலான கதவு, வழுக்கும் குளியலறைத் தரை, கைக்கெட்டாத அலமாரி ஆகியன அவரை நாள்தோறும் பிறர் துணையை எதிர்நோக்கச் செய்கின்றன. நாட்டைக் காத்தவர், ஒரு குவளைத் தண்ணீருக்கும் பிறரை அழைக்க நேர்கிறது. உறுப்பிழந்த வலியினும் இவ்வலி பெரிதாதலும் உண்டு.

வாழ்வோர்க்கு ஒரு நினைவுச்சின்னம்
முதல் உலகப்போர் மூண்ட மறு ஆண்டு, 1915இல், இங்கிலாந்தின் நிலவடிவமைப்பாளர் தாமஸ் மாசன் தம் மகனைப் போரில் இழந்தார். உறுப்பிழந்த வீரர்கள் குடும்பத்தோடு வாழத் தனிச் சிற்றூர்கள் வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். லங்காஸ்டர் நகரில் அவ்வெண்ணம் உருப்பெற்றது. ஸ்டோரி குடும்பத்தினர் நிலம் அளித்தனர். நகரத்தார் பொருள் வழங்கினர். வெஸ்ட்ஃபீல்டு போர் நினைவுச் சிற்றூர் 1924ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. வீழ்ந்த வீரருக்கு நடுகல் எடுத்தது நம் மரபு. வாழும் வீரருக்கு வீட்டையே நினைவுச்சின்னமாக்கியது அந்நகரம்.

பழுதுபார்க்கும் கைகள்
புதிய வீடு எல்லார்க்கும் இயலாது. இருக்கும் வீட்டைச் சீரமைப்பதே பலருக்கும் தேவை. அமெரிக்காவில் 1948ஆம் ஆண்டுச் சட்டம், படைப்பணியால் கடுமையாக உறுப்பிழந்தோர் தமக்கேற்ற வீட்டைப் பெற அரசு நிதியளிக்க வழிசெய்தது. எனினும், நிதியோடு உழைக்கும் கைகளும் வேண்டுமல்லவா? 1973ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்து மிட்லண்ட் நகரில் ஊரார் ஒன்றுகூடித் தேவையுடைய அண்டை வீட்டாரின் இல்லங்களைப் பழுதுபார்த்தனர். அம்முயற்சியிலிருந்து வளர்ந்த ‘ரீபில்டிங் டுகெதர்’ என்னும் அமைப்பு, முதியோர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் வீடுகளைத் தன்னார்வலர் துணையுடன் சீரமைத்து வருகிறது.

அறிந்து செய்தல்
நல்லெண்ணம் மட்டும் போதாது. அளவும் அறிதல் வேண்டும். சாய்தளம் ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்னும் விகிதத்தில் அமைதல் நன்று. அரையடி வாசற்படிக்கு ஆறடி நீளம் தேவை. அதனினும் குறைந்தால் ஏற்றம் செங்குத்தாகி, நாற்காலி கவிழ நேரும். கதவின் அகலம் 90 சென்டிமீட்டரும், நாற்காலி திரும்பும் இடம் 150 சென்டிமீட்டரும் இருத்தல் வேண்டும். பார்வை இழந்தவர்க்குத் தேவைப்படுவன வேறு. கையிழந்தவர்க்குத் தேவைப்படுவன வேறு. ஆதலின், சுத்தியலை எடுக்குமுன் அவ்வீட்டில் வாழ்பவரைக் கேட்டறிதலே முதற்பணி.

ஈகையன்று, ஒப்புரவு
வள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’, ‘ஈகை’ என இரு தனி அதிகாரங்கள் வகுத்தார். இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்வோர் தம் கடமையுணர்ந்து உதவுவது ஒப்புரவு. வீரர் தம் பங்கை முன்னரே செலுத்திவிட்டார். ஊரார் செய்வது கைம்மாறே. கடனைத் தீர்ப்பவர் நன்றியை எதிர்பார்ப்பதில்லை. பெற்றவரை முன்னிறுத்திப் படமெடுத்துப் பரப்புவதுமில்லை. அரசின் நிதி, ஊராரின் உழைப்பு, வீரரின் விருப்பம் ஆகிய மூன்றும் இணையுமிடத்தில் அவர் மீண்டும் தம் வீட்டின் தலைவராகிறார்.

தெரியுமா?
இந்தியாவில் 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் படைவீரர் கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதன்பொருட்டுத் திரட்டப்படும் நிதி, முன்னாள் படைவீரர், போரில் உறுப்பிழந்தோர், உயிர்நீத்தோரின் குடும்பத்தினர் ஆகியோரின் நலனுக்குப் பயன்படுகிறது.

கற்பவை கற்றபின்...
1. உங்கள் பள்ளியின் வாசற்படி உயரத்தை அளந்து, அங்குச் சாய்தளம் அமைக்கத் தேவையான நீளத்தைக் கணக்கிடுக.
2. ஈகை, ஒப்புரவு ஆகியவற்றின் வேறுபாட்டை உங்கள் ஊரில் நிகழ்ந்த ஒரு நற்பணியைக் கொண்டு விளக்குக.