ஒரே செயல், இரு அரசியர்

ஆப்கானிஸ்தானின் அரசியர் இருவர் ஒரே செயலைச் செய்தனர். முதலாமவர் செய்தபோது நாடு கொதித்தெழுந்தது. அவருடைய கணவர் அரியணையை இழந்தார். இரண்டாமவர் செய்தபோது அரசு நிலைத்து நின்றது. இரண்டிற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.

முதலாமவர் அரசி சொராயா. இவர் 1899ஆம் ஆண்டு டமாஸ்கஸ் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை மஹ்மூத் தர்ஸி ஓர் எழுத்தாளர்; இதழாசிரியர். நாடு கடத்தப்பட்டிருந்த அவருடைய குடும்பம், ஆட்சி மாறிய பின்னர் காபூலுக்குத் திரும்பியது. 1913ஆம் ஆண்டு சொராயா இளவரசர் அமானுல்லாவை மணந்தார். 1919ஆம் ஆண்டு அமானுல்லா ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டில் ஆப்கானிஸ்தான் பிரிட்டிஷாரின் பிடியிலிருந்து முழுமையாக விடுபட்டது.

நாடு விடுதலை பெற்றால் போதுமா? பெண்களும் கல்வி பெற வேண்டும் என்று சொராயா விரும்பினார். 1921ஆம் ஆண்டு காபூலில் பெண்களுக்கான பள்ளி திறக்கப்பட்டது. பெண்களுக்கென ஓர் இதழும் வெளிவந்தது. அதன் பொறுப்பை ஏற்றவர் அரசியின் தாயார். 1928ஆம் ஆண்டு இளம்பெண்கள் சிலர் உயர்கல்விக்காகத் துருக்கிக்கு அனுப்பப்பட்டனர்.

அவ்வாண்டு மன்னரும் அரசியும் ஐரோப்பியப் பயணத்தை முடித்துத் திரும்பினர். பின்னர், அரசி பலர் முன்னிலையில் தம் முகத்திரையை அகற்றினார். மன்னர் கொண்டுவந்த புதிய வரிகளாலும் கட்டாயப் படைச் சேவையாலும் மக்கள் ஏற்கெனவே மனம் வெதும்பியிருந்தனர். அரசியின் செயல் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்ததைப் போல ஆயிற்று. கிளர்ச்சி வெடித்தது. 1929ஆம் ஆண்டு சனவரியில் அமானுல்லா முடிதுறந்தார். பெண்கள் பள்ளிகள் மூடப்பட்டன. துருக்கிக்குச் சென்ற பெண்கள் திருப்பி அழைக்கப்பட்டனர். சொராயா ரோம் நகரில் தஞ்சம் புகுந்தார்.

இரண்டாமவர் மன்னர் ஜாஹிர் ஷாவின் துணைவியார் அரசி ஹுமைரா. இவருடைய காலத்தில் பெண்கல்வி மெல்ல மெல்ல மீண்டும் வேரூன்றியது. 1959ஆம் ஆண்டு விடுதலை நாள் விழாவில் அரச குடும்பப் பெண்கள் முகத்திரையின்றி மேடையில் தோன்றினர். இதனை எல்லாரும் பின்பற்ற வேண்டும் என்று அரசு கட்டளையிடவில்லை; அவரவர் விருப்பத்திற்கே விட்டது. எதிர்ப்பு எழுந்தாலும் அரசிடம் வலுவான படை இருந்தது. 1964ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. மறு ஆண்டு நடைபெற்ற தேர்தலில் பெண்கள் நால்வர் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

அப்படியென்றால், சொராயா தோற்றுவிட்டாரா? ‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்பார்கள். முதல் அடியில் அம்மி நகராமல் போகலாம். அதனால் அந்த அடி வீணென்று கூறிவிட முடியாது. பெண்களுக்குப் பள்ளி என்பதை அந்நாடு முதன்முதலில் கண்டது சொராயாவின் காலத்தில்தான்.

1973ஆம் ஆண்டு மன்னராட்சி முடிவுற்றது. ஹுமைராவும் ரோம் நகரிலேயே வாழ்ந்து மறைந்தார். ஆயினும், இருவரும் தாய்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். சொராயா ஜலாலாபாத்திலும் ஹுமைரா காபூலிலும் துயில்கின்றனர். அவர்கள் திறக்கப் பாடுபட்ட பள்ளிக் கதவுகளோ, ஆட்சிகள் மாறுந்தோறும் மூடுவதும் திறப்பதுமாகவே இருந்து வருகின்றன.