பூவேலை முடிஞ்சாச்சு, பை முடிஞ்சுதா?

தொழில் பாடம்: மேட்டித் தையல் பொருட்களுக்கு லைனிங், ஜிப், கைப்பிடி வாங்குவது எப்படி?



மேட்டித் துணியில் குறுக்குத் தையல் போடுவது நம்மில் பல பேருக்குப் பள்ளிக்கூடத்திலேயே கைவந்த வேலை. துணியில் இருக்கும் கட்டத்தை எண்ணி எண்ணி ஒரு மயிலையோ மாங்காயையோ கொண்டு வந்துவிடுகிறோம். பார்க்கிறவர்கள் "நீங்களா போட்டீங்க?" என்று கேட்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்தத் துணி அப்படியே விற்பனைக்குப் போவதில்லை. பையாக, குஷன் உறையாக, சுவர்ப்படமாக மாறித்தான் போகிறது. அப்படி மாற்றுவதற்கு வாங்கும் சின்னச் சின்னப் பொருட்களைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

15 பை திரும்பி வந்த கதை

எங்கள் பகுதியில் ஒரு குழுவுக்கு நகரத்துக் கடை ஒன்றிலிருந்து 40 கைப்பைக்கு ஆர்டர் கிடைத்தது. ஒரு பை 450 ரூபாய். கூட்டமைப்பில் கடன் வாங்கி வேலையை ஆரம்பித்தார்கள். சமையல், மாடு, பிள்ளைகள் எல்லாம் முடிந்து ராத்திரி விளக்கில் உட்கார்ந்து போட்ட தையல். 40 பையும் சொன்ன தேதியில் போய்ச் சேர்ந்தது.

மூணாவது வாரம் 15 பை திரும்பி வந்தது. கடையில் ஒவ்வொரு பையாகத் திறந்து மூடிப் பார்த்திருக்கிறார்கள். 6 பையில் ஜிப்பின் ரன்னர் வழுக்கிக்கொண்டு பல் சேரவில்லை. 5 பையில் உள்ளே சாமான் வைத்ததும் பக்கத் தையல் பிரிந்து மேட்டி இழை இழையாக வந்துவிட்டது. 4 பை, பார்சல் மழையில் நனைந்ததால் போச்சு. சிவப்பு லைனிங்கின் சாயம் வெளியே ஊறி, சந்தன நிற மேட்டியில் திட்டுத் திட்டாக ஏறிவிட்டது.

பூவேலையில் ஒரு குறை கூட அவர்கள் சொல்லவில்லை. இதைக் கவனிக்க வேண்டும்.

கறை பட்ட 4 பையில் 3 பை ஒரே அக்கா போட்டது. குழுவில் இருப்பதிலேயே நல்ல கை அவருக்குத்தான். வீணான பைக்குக் கூலி கிடையாது என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, என் தையல்ல ஒரு குறை காட்டுங்க பார்ப்போம். அந்த லைனிங்கை நான் கண்ணால கூடப் பார்க்கல. அதுக்கு நான் ஏன் கூலி இழக்கணும்?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் என்றால் அந்தச் சாமானுக்குச் சீட்டு எழுதியது நாங்கள்தான். "லைனிங் சிவப்பு 15 மீட்டர், ஜிப் 40" என்று மட்டும் எழுதினோம். என்ன ரகம், எந்த அளவு, சாயம் நிற்குமா, ஒன்றும் எழுதவில்லை. "செலவைக் குறைச்சாதான் லாபம்" என்று வேறு சொல்லி அனுப்பினோம். ஒரு உறுப்பினரின் தம்பி வேறு வேலையாக டவுனுக்குப் போனவர், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்தார். அவர் மேல் தப்பு இல்லை.

கடைசியில் குழு ஒரு முடிவு எடுத்தது. தையல் போட்ட எல்லாருக்கும் முழுக் கூலி. நஷ்டம் குழுவின் தொழில் லாபத்தில் கழியும். 11 பையைப் பிரித்துப் புது ஜிப், புது லைனிங் வைத்துத் தைத்துத் திரும்ப விற்றோம்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. கடையிலேயே இருந்த 25 பைக்குள்ளும் அதே லைனிங்தான். சொல்வதா, வேண்டாமா என்று ஒரு கூட்டம் முழுக்க வாக்குவாதம். சொல்வது என்று முடிவாகி, கடைக்குச் சொன்னோம். "தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒவ்வொரு பையிலும் சீட்டு வைத்தார்கள். அடுத்த ஆர்டர் 20 பைக்குத்தான் வந்தது. ஆனால் வந்தது.

கணக்கைப் பாருங்கள்

மலிவு ஜிப்பில் ஒரு பைக்கு 4 ரூபாய், மலிவு லைனிங்கில் 6 ரூபாய், ஆக 10 ரூபாய் மிச்சம் பிடித்தோம். 40 பைக்கு 400 ரூபாய்.

நஷ்டம்: வீணான 4 பை 1,800 ரூபாய். 11 பைக்கு மறுபடி லைனிங், ஜிப் 352 ரூபாய். மறுபடி தைத்த கூலி 440 ரூபாய். மொத்தம் 2,592 ரூபாய்.

இப்போது நல்ல சாமான் போட்டால் ஒரு பைக்கு என்ன ஆகும் என்று பார்ப்போம். இது எங்கள் குழுவின் கணக்கு. நீங்கள் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேட்டித் துணி 35, பூவேலை நூல் 40, லைனிங் 20, ஜிப் 12, ஒட்டும் கேன்வாஸ் 10, கைப்பிடி நாடா 15, மிஷின் நூலும் லேபிளும் 8. ஆகச் சாமான் 140 ரூபாய். மிஷின் தையல் கூலி 40. மொத்தம் 180 ரூபாய். 450-இல் மீதி 270 ரூபாய்தான் பூவேலைக் கூலி. தினம் மூணு மணி நேரம், நாலு நாள் என்றால் 12 மணி நேரம். மணிக்கு 22 ரூபாய் 50 பைசா. இதுவே குறைச்சல். அந்த 270 ரூபாயை 10 ரூபாய்க்காக அடகு வைத்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

இனி, பொருள் வாங்கும்போது பார்க்க வேண்டியவை.

1. ஊசியும் நூலும்

மேட்டிக்கு முனை மழுங்கிய, காது பெரிய ஊசி வேண்டும். கூர் ஊசி இழையைக் குத்திப் பிளக்கும், தையல் கோணலாகும். ஊசி நம்பர் கூடக் கூட ஊசி மெல்லிசாகும். நடுத்தர மேட்டிக்கு 24-ஆம் நம்பர் சரியாக இருக்கும். துணி முரடாக இருந்தால் 22.

ஆங்கர் மாதிரி பூவேலை நூலில் ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. மெல்லிய மேட்டிக்கு இரண்டு இழை, முரட்டு மேட்டிக்கு மூன்று இழை போதும். ஒரு முழத்துக்கு மேல் நீளமாக எடுக்காதீர்கள். துணிக்குள் போய்ப் போய் வந்து பஞ்சாகிவிடும்.

நூல் மேல் சுற்றியிருக்கும் காகிதத்தில் கலர் நம்பர் இருக்கும். அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு ஆர்டருக்கு வேண்டிய நூலை ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த மாதம் அதே நம்பரை வாங்கினாலும் சாயத்தில் லேசான வித்தியாசம் வரலாம்.

2. சாயச் சோதனை

லைனிங், நூல், ஜிப் பட்டி, கைப்பிடி நாடா நான்குக்கும் இது கட்டாயம். சிவப்பு, மெரூன், கருநீலம், கருப்பு என்றால் இரண்டு தடவை செய்யுங்கள்.

ஒரு சின்னத் துண்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள். பிறகு ஈரத்தோடு வெள்ளைத் துணி நடுவில் வைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கலர் ஒட்டினால் அந்தச் சாமான் வேண்டாம். "உப்புத் தண்ணியில போட்டா சாயம் நின்னுடும்" என்று சொல்வார்கள். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். என்ன செய்தாலும் மறுபடி இந்தச் சோதனையில் தேறினால்தான் எடுக்க வேண்டும்.

முதலில் கால் மீட்டர் மட்டும் வாங்கி வந்து சோதித்துவிட்டு, பிறகு மொத்தமாக வாங்கினால் ஒரு பஸ் டிக்கெட்தான் கூடுதல் செலவு.

3. லைனிங் துணி

காட்டன் லைனிங் முதல் துவைப்பில் சுருங்கும். வெட்டுவதற்கு முன்பே ஊற வைத்து, காய வைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பை தைத்த பிறகு உள்துணி சுருங்கி, வெளியே பூவேலை சுருக்கம் விழும்.

36 இஞ்ச் அகலத் துணியில், 15-க்கு 13 இஞ்ச் துண்டாக வெட்டினால் 1 மீட்டரில் ஆறு துண்டு, அதாவது மூணு பைக்கு வரும். 40 பைக்கு 14 மீட்டர். சுருக்கத்துக்குச் சேர்த்து 15 மீட்டர் வாங்கலாம். மேட்டி வெளிர் நிறம் என்றால் லைனிங்கும் வெளிர் நிறமாக இருந்தால் நல்லது.

4. ஓரமும் ஒட்டும் கேன்வாஸும்

மேட்டி இளக்கமான நெசவு. வெட்டின உடனே பிரியும். அதனால் டிசைனைச் சுற்றி நாலு பக்கமும் 2 இஞ்ச் விட்டு வெட்டி, பூவேலை தொடங்கும் முன்பே ஓவர்லாக் போடுங்கள். மிஷின் இல்லையென்றால் கையால் சுற்றித் தையுங்கள்.

பூவேலை முடிந்ததும் பின்பக்கம் ஒட்டும் கேன்வாஸ் வைத்தால் துணி விறைப்பாக நிற்கும், ஓரமும் பிரியாது. பிளவுஸ் கழுத்துக்கு வைக்கிறோமே, அதேதான். மெல்லிய ரகமாக வாங்குங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், ஒரு இடத்தில் பத்து விநாடி அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். முதலில் வேஸ்ட் துண்டில் ஒட்டி, ஆறினதும் பிரித்துப் பாருங்கள். லேசாக இழுத்தாலே வந்துவிட்டால் அந்த ரகம் வேண்டாம். பக்கத் தையலுக்கு இரண்டு வரிசை மிஷின் தையல்.

5. கோணலான துண்டை நேராக்குவது

சாய்வுத் தையல் மட்டும் போட்டுப் போனால் துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கோணலாகும். அப்படியே தைத்தால் பையும் கோணல். கேன்வாஸ் ஒட்டுவதற்கு முன்பு இதைச் சரி செய்ய வேண்டும். துண்டை லேசாக நனைத்து, மரப் பலகையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் நாலு மூலையும் நேராக வரும்படி இழுத்துக் குண்டூசி குத்துங்கள். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு எடுங்கள். குண்டூசி துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். ஒரு துருப்பொட்டு விழுந்தால் நாலு நாள் வேலை போச்சு.

6. ஜிப்

ஜிப்புக்கும் நம்பர் உண்டு. சின்னப் பர்ஸ், குஷன் உறைக்கு 3-ஆம் நம்பர். கைப்பைக்கு 5-ஆம் நம்பர். நைலான் ஜிப் போதும். இரும்பு ஜிப் துருப்பிடித்துக் கறை விடும். 16 இஞ்ச் குஷன் உறைக்கு 14 இஞ்ச் ஜிப் வையுங்கள்.

கடையிலேயே இருபது தடவை திறந்து மூடுங்கள். மூடின பிறகு இரண்டு பக்கமும் பிடித்துக் குறுக்கே இழுங்கள். பல் விரிந்தால் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பெரிய ஆர்டர் என்றால் மீட்டர் கணக்கில் ஜிப்பும் தனியாக ரன்னரும் வாங்கினால் மலிவாக வரும். ஆனால் இரண்டும் ஒரே நம்பராக இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் இரு முனையையும் தைத்து அடைக்க மறக்காதீர்கள்.

7. கைப்பிடி

ஒன்றேகால் இஞ்ச் கெட்டிக் காட்டன் நாடா நல்லது. மேல் ஓரத்தில் மட்டும் ஒரு தையல் போட்டால் நிற்காது. சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போல் குறுக்கே தையுங்கள். முதல் பையில் 5 கிலோ அரிசி போட்டு ஒரு ராத்திரி ஆணியில் தொங்க விடுங்கள். காலையில் பிரியாமல் இருந்தால் மற்றதைத் தையுங்கள்.

சுவர்ப்படம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: துணியை அட்டையில் பசை போட்டு ஒட்டாதீர்கள். பின்பக்கம் நூலால் இழுத்து இழுத்துக் கட்டுங்கள்.

8. லேபிள்

எப்படித் துவைக்க வேண்டும் என்று லேபிளில் எழுதுங்கள். செய்யாததை எழுதாதீர்கள். நீலகிரியில் தோடர் பெண்களும் இழையை எண்ணித்தான் சிவப்பு, கருப்பு நூலில் தையல் போடுகிறார்கள். அவர்கள் வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மேட்டி வேலையில் "தோடர் எம்பிராய்டரி" என்று எழுதினால் அது அந்தச் சகோதரிகளின் பிழைப்பில் கை வைப்பது. நம் குழுவின் பெயரைப் போடுவோம். அது போதும்.

யார் போய் வாங்குவது?

அந்த அக்கா கேட்ட கேள்விக்குக் குழு கண்டுபிடித்த பதில் இதுதான். இப்போது கொள்முதலுக்கு இரண்டு பேர் போகிறார்கள். ஒருவர் பூவேலை போடுகிறவர், இன்னொருவர் மிஷின் தைக்கிறவர். முறை மாற்றி எல்லாரும் போக வேண்டும். பஸ் செலவும் அன்றைய கூலியும் ஆர்டர் கணக்கில் எழுதப்படும். வாங்கின சாமானுக்குப் பில் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி நோட்டில் ஒட்டி, விலை, கடை, தேதி எழுதுகிறார்கள். முதல் பை கூட்டத்தில் சோதனை ஆகாமல் இரண்டாவது பை தைக்கக் கூடாது.

முதல் தடவை போனது அந்த அக்காதான். டவுன் கடையில் ஜிப்பை இருபது தடவை திறந்து மூடியிருக்கிறார். கடைக்காரர் "என்னம்மா, எண்ணிக்கிட்டே இருக்கீங்க?" என்றாராம். "எண்ணுறதுதானே எங்க வேலை" என்று சொல்லிவிட்டு வந்தார்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. உங்கள் குழுத் தொழிலுக்குச் சாமான் வாங்குவது யார்? அதை வைத்து வேலை செய்கிறவர் அதைப் பார்த்துச் சம்மதித்தாரா?

2. உங்கள் பொருள் ஒன்றுக்கு இதே போல் கணக்குப் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு எவ்வளவு கூலி நிற்கிறது? விலையைக் கூட்டிக் கேட்க வேண்டுமா?

3. சாமான் கெட்டதால் நஷ்டம் வந்தால் யார் தாங்குவது? ஆர்டர் வாங்கும் முன்பே முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

4. விற்ற பொருளில் குறை இருப்பது பிறகு தெரிந்தால் வாங்கியவரிடம் சொல்வீர்களா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு சிவப்புத் துண்டு, ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு ஜிப் கொண்டு வாருங்கள். சோதனையை எல்லாரும் சேர்ந்து செய்து பார்ப்போம்.