சான்றிதழ் கைக்கு வரும் முன் அப்பாவின் காணி வந்தால்…

கேள்வி: ரத்தோட்டையில் மிளகு, கராம்பு வாங்கி விற்றேன். கடனுக்கு எடுத்த சரக்கின் விலை சரிந்து தொழில் முடங்கியது. மாத்தளை மாவட்ட நீதிமன்றம் கடந்த வருடம் என்னை வங்குரோத்தானவர் எனத் தீர்த்தது. விடுவிப்புச் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை. இப்போது சாக்கு மூட்டை ஏற்றும் நாட்கூலி வேலை. இரண்டு மாதத்துக்கு முன் அப்பா காலமானார். மரண சாசனம் இல்லை. உக்குவளையில் அவர் பெயரில் மிளகுக் காணி உண்டு. அம்மாவும் பிள்ளைகள் மூவரும் இருக்கிறோம். என் பங்கை மகனுக்கு நன்கொடை உறுதியாக எழுதிவிடச் சொல்கிறார்கள். எழுதலாமா? மனைவியின் நகைக்கும் ஆபத்தா?

பதில்: எழுதாதீர்கள். எழுதச் சொன்னவர் உறவினராக இருந்தாலும் சரி, நொத்தாரிசாக இருந்தாலும் சரி.

உங்கள் வழக்கை ஆள்வது 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். விக்டோரியா காலத்துச் சட்டம்தான், ஆனாலும் பல் விழவில்லை. தீர்ப்பு நாளில் இருந்த சொத்து மட்டும் கடன்காரர்களுக்குப் போகும் என்றே பலரும் நினைக்கிறார்கள். சான்றிதழ் கிடைக்கும்வரை வாரிசாக வந்து சேருவதும் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரிடமே போகும். மாத்தளைத் தமிழர்களுக்குத் தேசவழமை இல்லை. 1876ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆக, உங்கள் பங்கு ஆறில் ஒன்று. அதை மகனுக்கு எழுதினாலும் உடன்பிறந்தவருக்கு விட்டுக்கொடுத்தாலும், உங்கள் கையில் இல்லாததையே எழுதிக் கொடுக்கிறீர்கள்.

மாத்தளைக் காணிப் பதிவகத்தின் ஏட்டைப் புரட்டிப் பார்த்தால் உறுதியின் திகதி தெரியும். அதை நீதிமன்றக் கட்டளையின் திகதியோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும். சொத்தை மறைத்ததாகத் தெரிந்தால் சான்றிதழே கிடைக்காமல் போகலாம். கடன்காரர்களை ஏமாற்றச் சொத்தை ஒளிப்பது தண்டனைச் சட்டக் கோவையிலும் குற்றம். ஆறில் ஒரு பங்குக்காக இதில் இறங்குவது, என் பார்வையில், கேலிக்குரிய வியாபாரம். அப்பாவின் மரணச் சான்றிதழ்ப் பிரதியோடு பொறுப்பாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அம்மாவின் பாதியை யாரும் தொட முடியாது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நகை மனைவியுடையது. 1923ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் ஆதனச் சட்டப்படி அவர் சொத்து தனி. ஆனால் அவர் பெயரில் அடகு வைத்து மீட்டது உங்கள் கடைக் காசு என்றால் கேள்வி வரும். பில்களை எடுத்து வையுங்கள். உங்கள் கூலி? தொழிலாளியின் வேதனம், உடுதுணி, படுக்கை, பிழைப்புக்கான கருவிகள் ஆகியவற்றைக் கைப்பற்ற முடியாது என்கிறது குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 218ஆம் பிரிவு. வங்குரோத்திலும் அதே அளவுகோலைக் காட்டித்தான் நான் வாதாடுவேன்.

இன்னொன்று: சான்றிதழில் மூன்று வகுப்பு உண்டு. தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவருக்கு முதலாம் வகுப்பு. விலை சரிந்த மாதங்களின் தராசுத் துண்டுகளும் கொள்முதல் பில்களும் இருந்தால் அவற்றை எலி கடிக்கவிடாமல் பத்திரப்படுத்தி, அடுத்த தவணைக்கு முன் உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.