அரியலூரும் ஒரு ராஜினாமாவும்

லால் பகதூர் சாஸ்திரி பெயரில் இருக்கும் ‘சாஸ்திரி’ சாதிப் பெயர்னு நினைக்கிறீங்களா? காசி வித்யாபீடத்தில் அவர் படித்து வாங்கிய பட்டம் அது. நம்ம பி.இ. மாதிரி!

1956 நவம்பரில் அவர் ரயில்வே அமைச்சர். அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலத்தை ஒட்டிய மண்கரை அரித்துப்போக, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் பலி. பொறுப்பேற்று ராஜினாமா செய்தார் சாஸ்திரி. சில மாதங்களுக்கு முன் மெஹபூப்நகர் விபத்துக்கும் ராஜினாமா கொடுத்தவர்தான். அப்போது நேரு ஏற்கவில்லை.

அந்தக் கரையை அவரா கட்டினார்? ப்ராஜெக்ட் சொதப்பினா யார் தலையில் கட்டலாம்னு பார்க்கிற நமக்கு இது விசித்திரமாத்தான் இருக்கும். அவர்மீது தவறில்லை, முன்னுதாரணமாக இருக்கட்டும் என்றுதான் நேரு இம்முறை ஏற்றார். 1957 தேர்தலுக்குப் பின் மீண்டும் அமைச்சர்; 1964-ல் பிரதமர்.