பாட்டியின் சுருக்குப்பையில் வெள்ளி இருக்கிறதா?

டெல்லி மந்திர் மார்க்கில், பிர்லா மந்திர் உண்டியலுக்கென்று எடுத்துவைத்த சில்லறையில் ஜார்ஜ் மன்னர் தலை தெரிந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

முதல் வேலை, வருஷத்தைப் பார்ப்பது. 1939 வரை வந்த ஒரு ரூபாயில் சுமார் 92 சதவீதம் வெள்ளி, எடை 11.66 கிராம். போர்க்காலமான 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. 1947-இல் புலி போட்டு வந்தது முழு நிக்கல். பளபளப்பை நம்ப வேண்டாம், காந்தத்தை நம்பலாம்: நிக்கல் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று துள்ளக் கூடாது. செப்பு-நிக்கல் காசும் ஒட்டாது.

சந்தேகம் தீர ஒரு வழி. சின்ன டிஜிட்டல் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடி தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். காசின் எடையைத் தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் 1939 வரையிலான வெள்ளி ரூபாய்க்கு 10.3 அருகில் வரும்.

அடுத்து, சேகரிப்பவர் தேடும் அச்சுப் பிழைக்கு வருவோம். இக்காலக் காசில் வருஷத்துக்குக் கீழே இருக்கும் புள்ளி நொய்டா நாணயச் சாலையின் அடையாளம், நட்சத்திரம் ஹைதராபாத், இரண்டும் பிழையல்ல. விளிம்பு வெட்டுப்பட்டிருந்தால் நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். அங்கே மேடு மங்கியிருந்தால் பெரும்பாலும் நாணயச் சாலையிலேயே நேர்ந்த பிழை. கூர்மையாக இருந்தால் யாரோ அரம் போட்டிருக்கலாம்.

புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், சேகரிப்பவர் தொடமாட்டார்.